ஒற்றைத் தாளில் ஓர் ஆட்டம்

அமெரிக்க வடிவமைப்பாளர் ஜான் ஹார்ப்பர் 2013-இல் வெளியிட்ட ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஆட்டத்தின் விதிகள் முழுவதும் ஒரே பக்கம். அந்தத் தாளும் சில பகடைகளும் ஆளுக்கொரு பென்சிலும் இருந்தால் போதும், நான்கைந்து பேர் உட்கார்ந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆடலாம். ஆடி முடிக்கும்வரை கதை வற்றாது. ஒரு பக்கத்துக்குள் அத்தனை கதை எப்படி அடங்கியது என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

இவ்வகை ஆட்டத்துக்கு ரோல் பிளேயிங் கேம் என்று பெயர், சுருக்கமாக ஆர்.பி.ஜி. கணினியில் ஆடுவதைச் சொல்லவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுவது. ஒருவர் ஆட்டத்தை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். “கதவு பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ முனகுகிறார்கள். என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்பார் நடத்துபவர். “தோளால் இடிக்கிறேன்” என்பார் ஒருவர். “உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கிறேன்” என்பார் இன்னொருவர். அது பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். பகடை சொன்னதை வைத்துக் கதை அடுத்த அடி எடுத்து வைக்கும்.

இந்த வகையில் பெயர்போனது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 1974-இல் அதை ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்களாகக் கொண்டுவந்தார்கள். இன்றும் அதன் அடிப்படை நூல்கள் மூன்றுதான். ஆனால் ஒவ்வொன்றும் முந்நூறு பக்கத்தைத் தாண்டும். வாள்வீச்சு எவ்வளவு காயம் உண்டாக்கும், எந்த மந்திரம் எத்தனை அடி தூரம் எட்டும், எந்த அரக்கனுக்கு எவ்வளவு உயிர் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அந்த ஆட்டத்தைச் சுருக்கிச் சுருக்கி ஒரு பக்கத்துக்குக் கொண்டுவர முடியாது. முயன்றவர்களின் தாள்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்து எறும்பளவாகியிருக்கும், சுமை அப்படியே இருக்கும். ஹார்ப்பர் செய்த வேலை வேறு. பக்கங்களை அவர் குறைக்கவில்லை, இடம் மாற்றி வைத்தார்.

இந்த இடமாற்றத்துக்கு ஒரு பழைய முன்கதை உண்டு. 1824-இல் ப்ரஷ்யப் படையின் இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், படை அதிகாரிகளின் பயிற்சிக்காக ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர் ஆட்டத்தின் விதிநூலை வெளியிட்டார். வரைபடம், படைகளைக் குறிக்கும் கட்டைகள், பகடை, எந்தத் தூரத்தில் சுட்டால் எத்தனை பேர் விழுவார்கள் என்று சொல்லும் அட்டவணைகள் எல்லாம் அதில் இருந்தன. நாள் போகப் போக ஒரு சிக்கல் எழுந்தது. நடுவர் அட்டவணையைப் புரட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, தளபதிகள் காத்திருந்தார்கள். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி துணிந்து ஒரு வழி சொன்னார். அட்டவணைகளை மூடிவையுங்கள், போர்க்களம் கண்ட நடுவருக்கு என்ன நடக்கும் என்பது தெரியும், அவர் சொல்லட்டும் என்றார். விதிநூலில் இருந்த பக்கங்கள் நடுவரின் தலைக்குள் குடியேறின.

அங்கிருந்து நூல் பிடித்தாற்போல இன்றுவரை வரலாம். 1880-இல் அமெரிக்க அதிகாரி சார்ல்ஸ் டோட்டன் எழுதிய ‘ஸ்ட்ரேட்டகோஸ்’ என்ற போர் ஆட்ட நூல், ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், பலிக்குமா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்றது. அந்த நூலை மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தில் கண்டெடுத்த டேவிட் வெஸ்லி, 1969-இல் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற ஆட்டத்தை நடத்தினார். படைகளை நகர்த்துவதற்குப் பதிலாக ஊர் மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு மனிதர் ஆனார்கள். அதை ஆடியவர்களில் ஒருவர்தான் டேவ் ஆர்னிசன்.

வெர்டி நம்பியது ஒரு நடுவரை. ஒரு பக்க ஆட்டம் மேசையில் இருக்கும் எல்லோரையும் நம்புகிறது. ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ தாளின் தொடக்கத்தில் இருக்கும் நிலவரத்தைப் பாருங்கள். நீங்கள் ‘ராப்டர்’ என்ற விண்கலத்தின் குழுவினர். கேப்டன் டார்சியின் மனத்தை விவரம் புரியாத ஏதோ ஒன்று ஆட்கொண்டுவிட்டது. அவர் குணமாகும்வரை மருத்துவப் பெட்டகத்துக்குள் கிடக்கிறார். அவ்வளவுதான். விண்கலம் என்றதும் கட்டளை மேடை, எச்சரிக்கை விளக்கு, நெஞ்சை நிமிர்த்திப் பேசும் அதிகாரி, கண்ணாடிக்கு வெளியே நட்சத்திரங்கள் எல்லாம் கேட்காமலே நம் கண்முன் வந்துவிடுகின்றன. பார்த்த படங்களும் தொடர்களும் அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டன. வடிவமைப்பாளர் அவற்றுக்கு ஒரு வரிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

கேப்டன் விஷயம் இன்னும் நுட்பமானது. தலைவர் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரை மருத்துவப் பெட்டகத்துக்குள் அனுப்பிய கணமே முடிவெடுக்கும் பொறுப்பு மேசையில் இருக்கிறவர்கள் மேல் விழுந்துவிடுகிறது. ‘ஆடுபவர்களே முடிவெடுக்க வேண்டும்’ என்று ஒரு விதி எழுதியிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். கதையில் ஒரு வரியாக வந்ததால் அது விதியைவிட நன்றாக வேலை செய்கிறது. இந்தத் தாளில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

இதையே தமிழில் செய்வதாக இருந்தால்? கல்யாண மண்டபம். முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. மாப்பிள்ளையைக் காணோம், பெண் வீட்டாருக்கு இன்னும் தெரியாது. இதைச் சொன்னதும் தாய்மாமன், சமையல் மாஸ்டர், வீடியோகாரர், எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொள்ளும் பெரியப்பா என்று பாத்திரங்கள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். பந்தி எங்கே, மணமகள் அறை எங்கே, யார் யாரிடம் பேசக்கூடாது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். இதே ஆட்டத்தை நார்வே நாட்டுக்காரரிடம் கொடுத்தால் ஐம்பது பக்கம் விளக்கம் வேண்டியிருக்கும். மேசையில் உட்காருகிறவர்கள் எதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்று தெரிந்தவரால்தான் சின்ன ஆட்டத்தை எழுத முடியும்.

அடுத்தது எண். ‘லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்’ ஆட்டத்தில் ஒருவருக்கு இருப்பது ஒரே ஓர் எண், 2 முதல் 5 வரை ஏதாவது ஒன்று. எண் பெரிதானால் லேசர் பக்கம் கெட்டிக்காரர். அதாவது அறிவியல், இயந்திரம், நிதானம். சிறிதானால் உணர்வுப் பக்கம். உள்ளுணர்வு, பேச்சு, ஆவேசம். லேசர் வேலை செய்யும்போது ஆறு முகப் பகடையில் உங்கள் எண்ணுக்குக் கீழே விழ வேண்டும், உணர்வு வேலைக்கு அதற்கு மேலே விழ வேண்டும். உங்கள் எண் 4 என்றால் லேசருக்கு 1, 2, 3 என்ற மூன்று முகங்கள், உணர்வுக்கு 5, 6 என்ற இரண்டு முகங்கள். எண் 5 என்றால் நான்கும் ஒன்றும். எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டையும் கூட்டினால் ஐந்து முகம்தான். ஒன்றில் கூடினால் இன்னொன்றில் குறைந்தே தீரும். எல்லாவற்றிலும் வல்லவனான ஒருவனை இந்த ஆட்டத்தில் உருவாக்கவே முடியாது. அதைத் தடுக்கத் தனி விதியும் தேவைப்படவில்லை. எஞ்சிய ஒரு முகம், உங்கள் எண்ணே சரியாக விழுவது. அப்போது நடப்பதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம், நடத்துபவர் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

வழக்கமாக ஒரு பகடை. முன்கூட்டியே தயாராக இருந்தால் இன்னொன்று, அந்த வேலையில் கைதேர்ந்தவராக இருந்தால் மேலும் ஒன்று. எத்தனை பகடை வெற்றி காட்டுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் காரியம் கெடுகிறது. ஒன்று என்றால் காரியம் நடக்கிறது, கூடவே ஒரு வம்பும் வருகிறது. இரண்டு என்றால் நன்றாக நடக்கிறது. மூன்று என்றால் நினைத்ததற்கும் மேலே.

எண் 4 உள்ள ஒரு பொறியாளர் இரண்டு பகடையோடு லேசர் வேலை செய்வதாக எடுத்துக்கொள்வோம். ஒரு பகடை வெற்றி காட்ட வாய்ப்பு பாதிக்குப் பாதி. இரண்டும் தோற்க 25 சதவீதம், இரண்டும் வெல்ல 25 சதவீதம், ஒன்று மட்டும் வெல்ல 50 சதவீதம். அதாவது அதிகம் நிகழக்கூடிய விளைவு, ‘நடந்தது, ஆனால்…’ என்பதுதான். எஞ்சினைச் சரிசெய்கிறார், 2-உம் 6-உம் விழுகின்றன. எஞ்சின் உயிர்பெறுகிறது, அதே மின்சாரம் சரக்கறைப் பூட்டுக்கும் பாய்ந்து அங்கே அடைத்து வைத்திருந்த கைதி வெளியே வந்துவிடுகிறான். அடுத்த காட்சியை யாரும் யோசிக்கவேண்டி வரவில்லை. சாதாரணமாக வெற்றி என்பது ஒரு காட்சியை முடிக்கும், தோல்வி கதவை மூடும். வம்போடு வரும் வெற்றிதான் புதுக் கதவைத் திறக்கும். அந்த விளைவை நிகழ்தகவின் நடுமேட்டில் வைத்ததில்தான் கதை வற்றாமல் ஊறும் ரகசியம் இருக்கிறது.

இந்த எலும்புக்கூட்டை எடுத்து வேறு வேறு கதைகளுக்குப் பொருத்தி ஏராளமானவர்கள் ஆட்டம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் பல சப்பென்று இருக்கும். காரணம் இரு முனைகளும் ஒன்றையொன்று இழுக்காததுதான். ‘வாள்’, ‘வில்’ என்று இரண்டு பெயர் வைத்தால் பூட்டிய கதவின் முன்னே நிற்பவருக்கு அது உதவாது. ஒரே ஆள், ஒரே கணம், இரண்டு வழியிலும் போகத் தோன்ற வேண்டும். நம் மண்டபத்துத் தாய்மாமனுக்கு ‘சாமர்த்தியம்’, ‘பாசம்’ என்று வைத்துப் பாருங்கள். பெண்ணின் அப்பா எதிரே வந்து, “மாப்பிள்ளை ரெடியா மச்சான்?” என்று கேட்கிறார். சமாளிப்பதா, கையைப் பிடித்து உண்மையைச் சொல்வதா? எண் அங்கே கதையாகிவிடுகிறது.

தாளின் கீழ்ப்பகுதியில் ஓர் அட்டவணை உண்டு. யார் மிரட்டுகிறார்கள், என்ன செய்யப் பார்க்கிறார்கள், எதை, செய்தால் என்ன ஆகும் என்று நான்கு பட்டியல், ஒவ்வொன்றிலும் ஆறு வரி. எழுதியது 24 வரி, கிடைப்பது 1,296 கதைத் தொடக்கம். எண்ணிக்கையைவிட என்னைக் கவர்வது கடைசிப் பட்டியலின் ஆறாவது வரி. பேரழிவு, போர் என்று போய்க்கொண்டிருக்கும் வரிசையில், அவர்கள் திட்டம் நிறைவேறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்கிறது. அப்படியானால் அவர்களை எதற்காகத் தடுக்க வேண்டும்? மேசையில் வாக்குவாதம் மூண்டுவிடும்.

இப்போது கணக்கின் அழகு முழுதாகத் தெரியும் இன்னோர் ஆட்டத்துக்கு வருகிறேன். பிரிட்டனைச் சேர்ந்த கிராண்ட் ஹோவிட் 2017-இல் வெளியிட்ட ‘ஹனி ஹைஸ்ட்’. ஆடுபவர்கள் எல்லோரும் கரடிகள். தேன் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிறார்கள். ஒவ்வொரு கரடிக்கும் இரண்டு எண்கள்: ‘கரடி’ 3, ‘குற்றவாளி’ 3. ஓடுவது, ஏறுவது, உறுமுவது கரடி வேலை. மற்றதெல்லாம் குற்றவாளி வேலை. பகடையில் அந்த எண்ணோ அதற்குக் கீழோ விழுந்தால் வெற்றி. திட்டம் சொதப்பினால் எரிச்சலில் ஒரு புள்ளி குற்றவாளியிலிருந்து கரடிக்குப் போகும். பிசகில்லாமல் நடந்தால் பேராசையில் ஒரு புள்ளி கரடியிலிருந்து குற்றவாளிக்கு வரும். கரடி 6 ஆனால் மிருகம் முற்றிலும் வெறிகொண்டுவிடும். குற்றவாளி 6 ஆனால் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வழியிலும் உங்கள் கதை அங்கே முடிகிறது.

ஆறு புள்ளிகள், இரண்டு கரைகள், நடுவில் நீங்கள். கணிதத்தில் இதற்குச் சூதாடியின் வீழ்ச்சி என்று பெயர். 1656-இல் கணித அறிஞர் பாஸ்கல் இன்னொரு கணித அறிஞரான ஃபெர்மாவிடம் கேட்ட புதிர். அடுத்த ஆண்டு ஹைகன்ஸ் தன் நூலில் அச்சேற்றினார். இரண்டு சூதாடிகள், ஆளுக்குச் சில காசு, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு காசு கைமாறுகிறது, யாரோ ஒருவர் வெறுங்கையாகும்வரை ஆடுகிறார்கள். இரண்டு பக்கமும் வாய்ப்புச் சமமானால் சராசரியாக எத்தனை சுற்று நீடிக்கும்? இருவர் கையிலும் உள்ள காசைப் பெருக்கினால் விடை. ஆளுக்கு மூன்று என்றால் ஒன்பது சுற்று.

ஒன்பது என்பது மிகப் பொருத்தமான எண். நான்கு பேர் மேசையில் ஆளுக்கு ஒன்பது என்றால் முப்பத்தாறு திருப்பம். ஒவ்வொன்றையும் பேசி நடித்து முடிக்க மூன்று நான்கு நிமிடம். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு கரடியும் ஏதோ ஒரு கரையில் போய் ஒதுங்கிவிடும். ஹோவிட் 3-க்குப் பதிலாக 6, 6 என்று தொடங்கி, கரைகளையும் அதற்கேற்பத் தள்ளி வைத்திருந்தால் சராசரி ஒன்பதிலிருந்து முப்பத்தாறாக எகிறியிருக்கும். எண்ணை இரட்டிப்பாக்கினால் நேரம் நான்கு மடங்காகிறது. 2, 2 என்றால் நான்கே திருப்பம், கதை சூடாவதற்குள் முடிந்துவிடும். ஆட்டம் எப்போது முடியும் என்று அந்தத் தாளில் எங்கும் கடிகாரம் இல்லை. 3 என்ற எண்ணுக்குள்ளேதான் கடிகாரம் இருக்கிறது.

இன்னும் ஒரு படி உள்ளே போகலாம். வெற்றி வாய்ப்பு எப்போதும் சரிபாதியாக இருப்பதில்லை. புள்ளி நகர நகர அதுவும் மாறுகிறது. கணக்குக்காக ஒவ்வொரு பகடை வீச்சும் ஒரு புள்ளியை நகர்த்துவதாக வைத்துக்கொள்வோம். கதைக்குள் ஒரு காட்சி சொல்லி வேண்டுமென்றே புள்ளியை மாற்றும் வழியும் ஆட்டத்தில் உண்டு, அதை ஒதுக்கிவிடுவோம். ஒருவர் எல்லாவற்றையும் கரடி பலத்தாலேயே செய்கிறார். கரடி எண் 5 ஆகிவிட்டால் ஆறில் ஐந்து பங்கு வெற்றி. ஆனால் வெற்றி புள்ளியைக் குற்றவாளிப் பக்கம் தள்ளும், எண் 4-க்கு இறங்கும். எண் 1 ஆகிவிட்டால் பெரும்பாலும் தோல்வி. தோல்வி அதை மறுபடி மேலேற்றும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆட்டம் அவரை நடுவுக்கே இழுத்து வருகிறது.

இந்தக் கணக்கு இயற்பியலில் ஏற்கெனவே இருக்கிறது. 1907-இல் பால் எரன்ஃபெஸ்ட், தத்தியானா எரன்ஃபெஸ்ட் தம்பதி, வெப்பம் ஏன் எப்போதும் சமநிலையை நோக்கியே போகிறது என்பதை விளக்க இரண்டு நாய்களையும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளையும் கற்பனை செய்தார்கள். ஒவ்வொரு தெள்ளுப்பூச்சிக்கும் ஓர் எண். குலுக்கலில் எந்த எண் வருகிறதோ அந்தத் தெள்ளுப்பூச்சி அடுத்த நாய்க்குத் தாவ வேண்டும். தெள்ளுப்பூச்சி அதிகமுள்ள நாயிடமிருந்துதான் அடிக்கடி தாவும். ஆகவே இரண்டும் சமமாகும் பக்கமே நகரும். ஆறு தெள்ளுப்பூச்சிகளை வைத்து அதை எழுதினால், கரடி பலத்தை மட்டும் நம்பி ஆடுபவரின் கணக்கு எழுத்துப் பிசகாமல் அதேதான். நடுவிலிருந்து கரையைத் தொட அவருக்குச் சராசரியாக 37 வீச்சு ஆகும்.

குற்றவாளிப் புத்தியை மட்டும் பயன்படுத்துகிறவர் கதை நேர்மாறு. வென்றால் அந்த எண் கூடுகிறது, கூடினால் மேலும் வெல்கிறார். தோற்றால் குறைகிறது, குறைந்தால் மேலும் தோற்கிறார். சறுக்கத் தொடங்கினால் நிற்காது. அவருக்குச் சராசரி 4.6 வீச்சுத்தான். உடல் பலத்தை நம்புகிறவன் சலிக்கச் சலிக்க நிலைத்து நிற்கிறான், தந்திரத்தை நம்புகிறவன் மளமளவென்று உச்சிக்கோ பாதாளத்துக்கோ போய்ச் சேர்கிறான். கொள்ளைப் படங்களில் நாம் காணும் மனிதர்களின் தலைவிதியே அது. அந்தத் தலைவிதியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதாமல், இரண்டு எண்களின் ஏற்ற இறக்கத்துக்குள் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. மேசையில் ஆடுகிறவர்கள் இரண்டையும் கலந்து பயன்படுத்துவதால் இந்த இரு கோடிகளுக்கும் இடையில் எங்கோ அவர்கள் மாலை முடிகிறது.

சின்ன ஆட்டம் எழுத விரும்புகிறவர்களுக்கு நல்ல பயிற்சிக்களம் ஒன்று இருந்தது. 2015-இல் டேவிட் ஷிர்டுவன் தொடங்கிய போட்டியில் முழு ஆட்டத்தையும் 200 சொல்லுக்குள் எழுத வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் எழுதி அனுப்பினார்கள். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்காருகிறவர் முதலில் வெட்டுவது வருணனையை. பிறகு விதிவிலக்குகள் போகும். எதை வெட்டக்கூடாது என்பது ஆடவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். தாளை அறிமுகமில்லாதவர்கள் கையில் கொடுத்துவிட்டு, எழுதியவர் வாயைத் திறக்காமல் ஓரமாக உட்கார வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளில் இரண்டு வகை உண்டு.

“கரடி மனிதர்களோடு பேசுமா?” என்று ஒருவர் கேட்டால் விட்டுவிடுங்கள். மேசை அதை ரசித்துத் தீர்த்துக்கொள்ளும். ஒருவர் பேசாது என்பார், இன்னொருவர் தொப்பி போட்டால் பேசலாம் என்பார், சிரிப்போடு சிரிப்பாக ஒரு விதி பிறந்துவிடும். “பகடை தோற்றுவிட்டது, இப்போது என்ன நடந்தது என்று யார் சொல்வது? நானா, நீங்களா?” என்று கேட்டுவிட்டு நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், அதற்கான ஒரு வரியை உடனே தாளில் சேர்க்க வேண்டும். உலகம் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு ஆடுபவர்களிடமே பதில் இருக்கிறது. யார் பேசுவது, எப்போது பேசுவது, பேச்சு எப்போது அடுத்தவருக்குப் போகும் என்பதற்கு அவர்களிடம் பதில் கிடையாது. 200 சொல்லில் பெரும்பகுதியை அங்கேதான் செலவழிக்க வேண்டும்.